லினன் துணியில் பஞ்சுப் போர்வையும் தலையணையும்: துணி வாங்குவதிலிருந்து முதல் சலவை வரை

டர்பன் சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமை தையல் வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் லினன் துணியை வாங்கிய அன்றே வெட்டிவிடுகிறார்கள். கோணிப்போன கட்டங்கள், சேராத மூலைகள், ஒரே சலவையில் சுருங்கிய போர்வை என்று பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு அவசரத்தில் தொடங்குகின்றன. பருத்தியில் தைத்துப் பழகிய கைக்கு லினன் புதிது. அது நழுவும், பிசிறும், சுருங்கும். இந்த மூன்றையும் வெட்டுவதற்கு முன்பே அடக்கிவிட்டால் தையல் வேலை எளிது. ஆகவே கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. அளவும் துணிக் கணக்கும்

தென்னாப்பிரிக்காவில் ஒற்றைக் கட்டில் மெத்தை 91 செ.மீ. அகலம், 188 செ.மீ. நீளம். அதற்கு 150 × 210 செ.மீ. போர்வை சரியாக இருக்கும். இரு பக்கமும் ஏறக்குறைய 30 செ.மீ. தொங்கும். முதல் போர்வைக்கு இதைவிடப் பெரிய அளவை எடுக்க வேண்டாம். வீட்டுத் தையல் இயந்திரத்தின் கழுத்துக்குள் சுருட்டி நுழைக்கக்கூடிய அளவு இதுதான்.

மேல்பக்கத்தை 30 செ.மீ. கட்டங்களாகப் பிரிக்கிறோம். அகலத்தில் 5, நீளத்தில் 7, ஆக 35 கட்டங்கள். தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் 1.25 செ.மீ. விடுவதால், வெட்டும் அளவு 32.5 செ.மீ. பருத்தியில் இத்தகைய வேலைக்குக் கால் அங்குலம் விட்டால் போதும். லினனில் அந்த அளவு விட்டால் பிசிறு தையலையே எட்டிவிடும்.

150 செ.மீ. அகலத் துணி என்றால் வாங்க வேண்டியவை: மேல்பக்கத்துக்கு 3.5 மீட்டர், அடிப்பக்கத்துக்கு 4 மீட்டர், ஓரப்பட்டிக்கு அரை மீட்டர். கட்டங்களுக்குப் பல நிறங்கள் எடுப்பதாக இருந்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாகக் கணக்கிட்டு, அதன் பிறகு சற்றுக் கூட்டியே வாங்குங்கள். துணியின் அகலத்தில் 4 கட்டங்கள்தான் விழும்.

அடிப்பக்கத்துக்கு 4 மீட்டர் போதும் என்பதற்குக் காரணம், இணைப்பைக் குறுக்காகப் போடுவது. இரண்டு அகலங்களை நெடுக்காகப் பக்கம் பக்கமாக இணைத்தால் 5 மீட்டர் தேவைப்படும். அதில் நீளமாக ஒரு பட்டை வீணாகப் போகும். 280 செ.மீ. அகலத்தில் வரும் படுக்கைத் துணி கிடைத்தால் 2 மீட்டரிலேயே இணைப்பில்லாமல் முடிந்துவிடும்.

2. துணியைப் பார்த்து வாங்குவது

டர்பனில் கிரே ஸ்ட்ரீட் என்று நாம் இன்னும் சொல்லும் டாக்டர் யூசுஃப் டாடூ தெருப் பக்கத்துத் துணிக்கடைகளிலும், ஜோகன்னஸ்பர்க் ஃபோர்ட்ஸ்பர்க்கில் ஓரியண்டல் பிளாசாவிலும் கடைக்குக் கடை கேட்டுப் பார்க்கலாம். கேட்க வேண்டியது எடை. ஒரு சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் வரையுள்ள துணி போர்வைக்கும் தலையணைக்கும் ஏற்றது. சோபா உறைக்கு விற்கும் 300 கிராம் லினனை எடுக்காதீர்கள். மேல் துணி, பஞ்சு, அடித்துணி என்ற மூன்று அடுக்கும் சேரும்போது ஊசி உடையும், போர்வையும் பலகையாக விறைக்கும்.

துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நூல்களுக்கு இடையே விரல் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தால் அது திரைச்சீலைக்கு உரியது. பஞ்சு அதன் வழியே வெளியே வந்துவிடும். ஆங்காங்கே நூல் தடித்து முடிச்சுப்போல் தெரிவது குறையாகாது, லினனின் இயல்பு அது.

‘லினன்’ என்று சீட்டு ஒட்டிய பாலியெஸ்டரும் விற்கிறது. ஓரத்திலிருந்து நான்கைந்து நூலை உருவிக்கொண்டு வந்து, வீட்டில் இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனையும் மெல்லிய சாம்பலும் வந்தால் தாவர நார். உருகிக் கடினமான கறுப்பு மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. பருத்தியும் லினனும் கலந்த துணி இந்தச் சோதனையில் தேறும். அதை வாங்கலாம், அதிகம் கசங்காது.

3. பஞ்சு

கடையில் பேட்டிங் என்று கேட்டால் சுருளாக இருக்கும் தட்டைப் பஞ்சைக் காட்டுவார்கள். 170 × 230 செ.மீ. வாங்குங்கள். எந்தப் பஞ்சு என்பதைப் போர்வை போய்ச் சேரும் ஊர்தான் தீர்மானிக்க வேண்டும்.

டர்பன் கடற்கரையோரம் ஜூலை இரவிலும் மிதமான குளிர்தான். மெல்லிய பருத்திப் பஞ்சு போதும். ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் அக்காவுக்கோ மகளுக்கோ தைக்கிறீர்கள் என்றால் கம்பளிப் பஞ்சு போடுங்கள். மேட்டு நிலத்தில் குளிர்காலக் காலைகளில் உறைபனி விழும், கம்பளி எடை கூடாமல் சூடு தரும். பாலியெஸ்டர் பஞ்சு மலிவு, சீக்கிரம் காயும். ஆனால் வியர்வையை வாங்காது. ஈரத்தை இழுத்துக்கொள்ளும் லினனுக்கு நடுவில் அதை வைப்பது எனக்கு மனம் ஒப்பாத வேலை. அடிக்கடி துவைக்க வேண்டிய குழந்தைப் போர்வைக்கு மட்டும் சரி என்பேன்.

பஞ்சின் உறையில் ‘இத்தனை செ.மீ.க்குள் தையல் போட வேண்டும்’ என்று அச்சிட்டிருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு உறையைப் பத்திரமாக வையுங்கள். 10-ஆம் படியில் அது தேவைப்படும்.

4. கைக்கு வேண்டிய மற்ற சாமான்கள்

90 எண் இயந்திர ஊசி குறைந்தது மூன்று, பாலியெஸ்டர் அல்லது நல்ல பருத்தி நூல், வளைந்த ஊக்குகள் ஒரு பெட்டி, குண்டூசி, நீளமான அளவுகோல், சுழல் கத்தியும் அதற்கான பாயும், சலவையில் போகும் குறிப்புப் பேனா, நீராவி இஸ்திரிப் பெட்டி. வாக்கிங் ஃபுட் என்ற தனிப் பாதம் உங்கள் இயந்திரத்துக்குக் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். சாதாரணப் பாதத்தில் கீழ்த் துணி மட்டும் பல்லில் பிடித்து நகரும், மேல் துணி பின்தங்கும். இது இரண்டையும் சேர்த்து நகர்த்தும்.

5. வெட்டும் முன் துவைப்பது

லினன் முதல் சலவையில் 4 முதல் 10 சதவீதம் வரை சுருங்கும். இரண்டு நிறத் துணிகள் இரண்டு விதமாகச் சுருங்கும் என்பதுதான் பெரிய ஆபத்து. தைத்த பிறகு சுருங்கினால் ஒரு கட்டம் பக்கத்துக் கட்டத்தை இழுத்து, போர்வை முழுவதும் அலை அலையாகிவிடும்.

வெட்டுமுனைகள் இரண்டிலும் முதலில் ஜிக்ஜாக் தையல் ஓட்டிவிடுங்கள். அதைச் செய்யாமல் போட்டால், இயந்திரத்திலிருந்து வெளியே எடுக்கும்போது நூல்கள் கயிறாகத் திரித்துக்கொண்டு துணியை இறுக்கியிருக்கும். அதை வெட்டி எடுப்பதில் பத்து செ.மீ. துணி போய்விடும்.

அடர்ந்த நிறம் இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்து, சாயம் ஒட்டினால் தனியாகத் துவையுங்கள். 40 டிகிரி நீர், சாதாரண சோப்புத் தூள் போதும். பிளீச் வேண்டாம், நார் பலவீனமாகும். துணி மிருதுவாக்கும் திரவமும் வேண்டாம். அது நாரின் மேல் படிந்து ஈரம் இழுக்கும் தன்மையைக் குறைக்கும். லினன் துவைக்கத் துவைக்கத் தானாகவே மிருதுவாகும்.

போர்வையைப் பின்னால் எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே இப்போது துவையுங்கள். உலர்த்தும் இயந்திரத்தில் போடும் வீடு என்றால் இந்தத் துணியையும் அதில் போட்டெடுங்கள். “அக்கா, கையால் அலசி நிழலில் போட்டேன், அது போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. வாழ்நாள் முழுவதும் கையால் அலசி நிழலில் போடுவதாக இருந்தால் போதும்.

6. கஞ்சி போட்டு, நூல் இழுத்து நேராக்குவது

துவைத்த லினன் கையில் தண்ணீராக ஒழுகும். அந்த நிலையில் அதில் சதுரம் வெட்ட முடியாது. சேலைக்குப் போடுவதுபோல் கஞ்சி போடுங்கள். வடித்த கஞ்சி இருந்தால் வடிகட்டி நீர்க்கக் கலக்குங்கள். இல்லையென்றால் ஒரு மேசைக்கரண்டி மைசீனா சோள மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து, அரை லிட்டர் கொதிநீரில் ஊற்றிக் கிண்டி ஆறவிடுங்கள். ஒவ்வொரு தரமும் அப்போதைக்கு வேண்டியதை மட்டும் செய்துகொள்ளுங்கள். தெளித்தாலும் சரி, முக்கிப் பிழிந்தாலும் சரி. கட்டங்களுக்கும் ஓரப்பட்டிக்கும் கஞ்சி அவசியம், அடித்துணிக்குத் தேவையில்லை.

வெட்டிய பிறகு கஞ்சி தெளிக்காதீர்கள். ஈரம் பட்ட கட்டம் இஸ்திரிப் பெட்டியின் தள்ளலில் சாய்சதுரமாகிவிடும்.

முழுவதும் காயும் முன்பே, தொட்டால் குளிர்ச்சி தெரியும் ஈரத்தில், லினன் குறியில் வைத்து இஸ்திரி போடுங்கள். முற்றிலும் காய்ந்த லினனில் விழுந்த சுருக்கம் எவ்வளவு அழுத்தினாலும் போகாது. பெட்டியைக் குறுக்காக இழுக்காமல் பாவு நூல் (நீளவாக்கு நூல்) ஓடும் திசையிலேயே நகர்த்துங்கள். மின்வெட்டு அட்டவணை இருக்கும் வாரம் என்றால் அதைப் பார்த்த பிறகு துணியை நனையுங்கள்.

இப்போது நூல் இழுக்கும் வேலை. கரையை ஒட்டிச் சிறிதாகக் கத்தரித்து, குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்றை ஊசி முனையால் நெம்பி எடுங்கள். ஒரு கையால் அதை மெல்ல இழுத்துக்கொண்டே, மறு கையால் துணியைச் சுருக்கம் தள்ளி நகர்த்துங்கள். நூல் உருவி வரவர, துணியின் குறுக்கே மெல்லிய வெற்றுக் கோடு ஒன்று திறந்துகொண்டு போகும். நடுவில் அறுந்தால், கோடு நின்ற இடம்வரை வெட்டி, அதே நூலின் முனையை மறுபடி தேடி எடுங்கள். மறுகரை வரை போனதும் அந்தக் கோட்டிலேயே வெட்டுங்கள். கடைக்காரர் கத்தரித்துக் கொடுத்த ஓரம் இந்தக் கோட்டிலிருந்து ஒரு பக்கம் நாலைந்து செ.மீ. விலகியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த ஓரத்தை நம்பி அளந்தால் எல்லாக் கட்டமும் கோணும்.

7. வெட்டுவது

கரையை முதலில் நீக்கிவிடுங்கள். கரை இறுக்கமாக நெய்யப்பட்டது, மற்ற இடத்தைப்போல் இளகாது. நேராக்கிய ஓரத்திலிருந்து 32.5 செ.மீ. பட்டைகளாக வெட்டி, பிறகு பட்டைகளைக் கட்டங்களாக வெட்டுங்கள். இரண்டு மடிப்புக்கு மேல் அடுக்கி வெட்டாதீர்கள். அடியில் உள்ளது நழுவும்.

ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் பாவு நூலின் திசையைப் பேனாவால் சிறு கோடாகக் குறியுங்கள். தைக்கும்போது எல்லாக் கோடும் ஒரே பக்கம் பார்த்தால் போர்வை ஒரே சீராக இளகும்.

8. கட்டங்களை இணைப்பது

35 கட்டங்களையும் தரையில் பரப்பி நிற வரிசையை முடிவு செய்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 5 கட்டங்கள் கொண்ட 7 வரிசைகளைத் தைத்து, பிறகு வரிசைகளை ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். தையல் நீளம் 2.5 மி.மீ.

நேராகக் கட்டத்தின் மூலையில் தொடங்கினால் இயந்திரத்தின் துளை லினன் மூலையை உள்ளே இழுத்துக் கசக்கும். உதவாத ஒரு துண்டின் மேல் நாலைந்து தையல் போட்டு, நிறுத்தாமல் அங்கிருந்து கட்டத்துக்குள் போங்கள்.

ஒவ்வொரு தையலையும் விரித்து இஸ்திரி போடுங்கள். பருத்தியில் ஒரு பக்கமாக மடித்துவிடுவது வழக்கம். லினனில் அப்படி மடித்தால் மூலையில் நான்கு துணி சேரும் இடம் மேடாகி, பின்னால் ஊசி அங்கே தாண்டும். வரிசைகளைச் சேர்க்கும்போது முதலில் சந்திப்புகளில் மட்டும் குண்டூசி குத்துங்கள், பிறகு நடுவில். மாற்றிச் செய்தால் மிச்சத் துணி சந்திப்பில் போய்ச் சேர்ந்து, மூலைகள் அரை செ.மீ. விலகும்.

9. மூன்றடுக்கும் சேர்ப்பது

வெட்டிய அடித்துணியின் அளவு 166 × 226 செ.மீ. இருக்க வேண்டும், அதாவது சுற்றிலும் 8 செ.மீ. கூடுதல். தைக்கும்போது மேல்பக்கம் வெளியே நகரும் என்பதால் இந்த இடம் தேவை. பஞ்சை முந்திய இரவே விரித்துப் போட்டால் சுருளின் மடிப்பு தளரும்.

அடித்துணியைத் தலைகீழாகத் தரையில் விரித்து, ஓரங்களை ஒட்டுநாடாவால் தரையோடு ஒட்டுங்கள். சுருக்கமில்லாமல் இருந்தால் போதும், இழுத்து விறைக்கக் கூடாது. விறைத்து ஒட்டினால், நாடாவை எடுத்ததும் அது சுருங்கி மேல்பக்கத்தில் சுருக்கம் விழும். அதன்மேல் பஞ்சு, அதன்மேல் கட்டங்கள் இணைத்த துணி. நடுவிலிருந்து வெளியே தடவிச் சமன்செய்து, நடுவிலிருந்தே ஊக்குகளைக் கை அகலத்துக்கு ஒன்றாகக் குத்துங்கள். ஊக்கை மிச்சம்பிடிப்பவர்களின் போர்வையில்தான் அடிப்பக்கம் மடிந்து தைபடுகிறது.

10. போர்வைத் தையல்

தையல் கோடுகளை இணைப்பின் மேல் ஓட்டாதீர்கள். நாம் தையலை விரித்து அமுக்கியிருப்பதால் இணைப்பில் இருப்பது வெறும் நூல். அங்கே ஊசி இறங்கினால் அந்த நூலே அறும்.

ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் 5, 15, 25-ஆவது செ.மீ. இடங்களில் நெடுக்குக் கோடுகள் வரையுங்கள். இப்படிச் செய்தால் போர்வை முழுவதும் 10 செ.மீ.க்கு ஒரு கோடு, மொத்தம் 15 கோடுகள், ஒன்றுகூட இணைப்பில் விழாது. இப்போது பஞ்சு உறையில் இருந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். 10 செ.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் நெடுக்குக் கோடுகளே போதும். அதற்குக் குறைவு என்றால், இணைப்பில் விழாமல் கோடுகளை இன்னும் நெருக்கமாக வரையுங்கள். 30 செ.மீ. கட்டத்தின் ஓரத்தில் மட்டும் தைத்துவிட்டு நிறுத்தியவர்களின் போர்வை இரண்டு மூன்று சலவையில் பஞ்சு உருண்டு மூட்டையானதைப் பார்த்திருக்கிறேன்.

புதிய ஊசி, தையல் நீளம் 3 மி.மீ. போர்வையின் சரி நடுக் கோட்டில் தொடங்குங்கள். அடுத்த கோடு அதற்கு வலப்புறம், அதற்கடுத்தது இடப்புறம் என்று வெளியே நகருங்கள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தைத்துக்கொண்டே போனால் நழுவல் எல்லாம் கடைசி ஓரத்தில் குவியும். எடை தொங்கினால் கோடு வளையும். இயந்திரத்துக்குப் பின்னாலும் இடப்புறமும் நாற்காலி வைத்துப் போர்வையைத் தாங்குங்கள். ஊக்குகளைப் பாதம் நெருங்கும் முன் ஒவ்வொன்றாக எடுங்கள்.

11. ஓரப்பட்டி

போர்வையின் நான்கு ஓரங்களையும் அளவுகோல் வைத்து நேராக வெட்டுங்கள். எதிர் ஓரங்களின் நீளம் ஒன்றாக இருக்க வேண்டும்.

7 செ.மீ. அகலப் பட்டைகள் ஆறு வெட்டிச் சாய்வாக இணையுங்கள். நேராக இணைத்தால் தடிப்பு ஒரே இடத்தில் சேரும். பட்டியை நெடுக்காக இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, தொடக்க முனையை ஒன்றரை செ.மீ. உள்ளே மடக்கி, வெட்டு ஓரம் போர்வையின் ஓரத்தோடு பொருந்த வைத்து, மேல்பக்கத்தில் 1 செ.மீ. உள்ளே தையுங்கள்.

மூலைக்கு 1 செ.மீ. முன்னால் நிறுத்திக் கெட்டித் தையல் போடுங்கள். பட்டியைச் சாய்வாக மேலே மடித்து, பிறகு அடுத்த ஓரத்தின் மேல் நேராகக் கீழே மடித்து, விளிம்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். கடைசி முனையைத் தொடக்க முனையின் மடிப்புக்குள் 3 செ.மீ. செருகி முடியுங்கள்.

பட்டியை அடிப்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங் செய்யுங்கள். இதற்கு இரண்டு மாலைப்பொழுது ஆகலாம், பொறுமையாக உட்காருங்கள். முதலில் கிழிவது ஓரம்தான். அதில் கைத்தையல் நெருக்கமாக இருப்பது போர்வையின் ஆயுளைக் கூட்டும்.

12. தலையணை உறை

இங்கே சாதாரணத் தலையணை 45 × 70 செ.மீ. துவைத்து இஸ்திரி போட்ட துணியில் 50 × 171 செ.மீ. கொண்ட ஒரே நீளப் பட்டை வெட்டுங்கள். முன்பக்கம் 72, பின்பக்கம் 72, உள்மடல் 20, மீதி மடிப்புக்கு. 2 மீட்டர் துணியில் இரண்டு உறை வரும்.

ஒரு முனையில் 1 செ.மீ. மடித்து, மறுபடி 4 செ.மீ. மடித்துத் தையுங்கள், இது வாய்ப்பக்கம். மறுமுனையில் 1 செ.மீ.யாக இருமுறை மடித்துத் தையுங்கள், இது மடல்.

பட்டையின் உள்புறம் மேலே தெரியும்படி விரியுங்கள். மடல் முனையிலிருந்து 20 செ.மீ. உள்ளே மடியுங்கள். அதன்மேல் வாய்ப்பக்கத்தைக் கொண்டுவந்து, அதன் முனை மடல் மடிந்த விளிம்போடு சேரும்படி வையுங்கள். இப்போது நல்ல பக்கம் வெளியே இருக்கும், மடல் நடுவில் இருக்கும். புதியவர்கள் தயங்குவது இங்கேதான். எல்லாத் தையலையும் நல்ல பக்கம் உள்ளே வைத்துத்தான் தைத்திருப்பார்கள், ஆகவே பிரித்து மாற்றிவிடுவார்கள். மாற்றாதீர்கள், இது இருமுறை தைக்கும் முறை.

நீண்ட ஓரங்கள் இரண்டையும் 6 மி.மீ. விட்டுத் தைத்து, பிசிறைப் பாதியாகக் கத்தரித்து, உள்புறம் வெளியே வரத் திருப்பி, தையலை விளிம்பில் நிறுத்தி இஸ்திரி போட்டு, 9 மி.மீ. விட்டு மறுபடி தையுங்கள். பிசிறு இரண்டு தையலுக்கு நடுவில் அடைபட்டுவிடும். ஓவர்லாக் இயந்திரம் இல்லாத வீட்டில் லினனுக்கு இதைவிட உறுதியான வழி இல்லை. நல்ல பக்கம் திருப்பினால் உறை முடிந்தது. ஜிப், பொத்தான் எதுவும் வேண்டாம்.

13. உள்தலையணை

பஞ்சை நேரடியாக லினன் உறைக்குள் அடைக்காதீர்கள். நெருக்கமாக நெய்த பருத்தியில் தனிப் பை தைத்து அதில் அடையுங்கள். அலங்காரத் தலையணைக்கு உள்பை, உறையைவிட 3 முதல் 5 செ.மீ. பெரிதாக இருந்தால் மூலைகள் தொய்யாது.

பஞ்சைக் கட்டியாக அடைக்காமல் கையால் பிய்த்துப் பிய்த்து முதலில் நான்கு மூலைகளிலும், பிறகு ஓரங்களிலும், கடைசியாக நடுவிலும் நிரப்புங்கள். இலவம் பஞ்சு என்றால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளுங்கள். அதன் தூசு தொண்டையில் இறங்கும். இலவம் பஞ்சுப் பையைத் துவைக்கக் கூடாது, வெயிலில் போட்டுத் தட்டினால் போதும்.

14. முதல் சலவையும் வைப்பும்

தைத்து முடித்ததும் துவைக்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். துணியில் இன்னும் கஞ்சி இருக்கிறது. அப்படியே மடித்து அலமாரியில் வைத்தால் ராமபாணப் பூச்சி அரிக்கும்.

பருத்திப் பஞ்சு என்றால் இளஞ்சூடான நீரில், குறைந்த சுழற்சியில் துவையுங்கள். கம்பளிப் பஞ்சுக்கு உறையில் சொன்னபடி மட்டும், பொதுவாகக் குளிர்ந்த நீரில், கசக்காமல். பிழிந்து முறுக்க வேண்டாம். ஈரப் போர்வை கனமாக இருக்கும். ஒரே கொடியில் தொங்கவிட்டால் பஞ்சு கீழே இறங்கி, கொடி படும் இடத்தில் இழுபட்டுப்போகும். இரண்டு கொடிகளுக்குக் குறுக்கே பரப்பி, நடுவில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். பாலியெஸ்டர் பஞ்சு வைத்த போர்வைக்கு லினன் சூட்டில் இஸ்திரி போடக் கூடாது, பஞ்சு உருகித் தட்டையாகும்.

டர்பனில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் புழுக்கத்தில் இத்தனை தடிமனான போர்வை உள்வரை காயாது, பூஞ்சை வாசனை ஏறிவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உள்ள வறண்ட வெயிலில் முதல் சலவையைச் செய்யும்படி வேலையைத் திட்டமிடுங்கள். வைக்கும்போது பிளாஸ்டிக் பையைத் தவிர்த்து, மிச்சத் துணியில் ஒரு பை தைத்து அதில் வையுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே இடத்தில் நெடுநாள் மடிந்திருக்கும் லினன் நார் அந்த மடிப்பில்தான் ஒடியும்.